அந்த பஸ்ஸில் யாரும் சாகவில்லை

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் அவர் ஓட்டிய பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன், இருந்தும் தெரியாது. எங்களுக்கு அவர் பஸ் அண்ணன், அவ்வளவுதான். அவரும் எங்கள் பெயர்களைக் கற்றுக்கொள்ள மெனக்கெடவில்லை. உட்காரும் இடத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். நான் ‘கதவோரம்’. பங்சாரில் ஏறுகிற, கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் பெண் ‘பின்சக்கரம்’. அதற்காக அவள் ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தாள். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

ஆள் பார்க்க ஒன்றும் பிரமாதம் இல்லை. குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே நெற்றி மட்டும்தான் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் பஸ் தானாக ஓடி வருகிறதோ என்று நினைக்கத் தோன்றும். காக்கிச் சட்டை, பையில் ஒரு சீப்பு, கழுத்தில் ஒரு குட்டித் துண்டு. ஆனால் அவர் வாயைத் திறந்தால் பஸ்ஸில் இருக்கிற நாற்பது பெண்களும் வாயை மூடுவோம். எங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று.

எங்களுக்கு சுங்கைவேயில் ஒரு எலக்ட்ரானிக் பாக்டரியில் வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பிடித்து ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரம் அதே வேலை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் கம்பிதான் தெரியும். பஸ் செந்தூலில் கிளம்பி, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்று, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் எங்களை ஏற்றிக்கொண்டு, பங்சார் வழியாகப் பெடரல் ஹைவேயைப் பிடித்து சுங்கைவே போய்ச் சேரும். நான் ஏறி இறங்க முப்பத்தைந்து நிமிஷம். அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில்தான் எங்களுக்குப் படம் ஓடும்.

இன்றைக்கு இதைச் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். எழுபதுகளின் கடைசியில் டிவியில் வாரத்துக்கு ஒரே ஒரு தமிழ்ப் படம். அதைத் தவறவிட்டால் விட்டதுதான். திரும்பப் போட்டுக் காட்ட யாரும் இல்லை. வாரக் கடைசியில் சாயங்காலம் படம் தொடங்குகிற நேரத்தில் எங்களில் பாதிப் பேர் ஷிப்டில் இருப்போம். மீதிப் பேரில் பாதிக்கு வீட்டில் டிவி கிடையாது. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கலாம். எனக்கு அது ஒத்துவராது. கம்பி பிடித்துப் பார்க்க அது என்ன ஜெயிலா?

பஸ் அண்ணன் எங்களை இரண்டு மணிக்கு பாக்டரியில் இறக்கிவிட்டு செந்தூலுக்குப் போவார். வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பார். பத்து மணிக்கு எங்களை ஏற்ற வருவார். அப்போது ஒரு வார்த்தை சொல்லமாட்டார். "தூங்கற புள்ளைங்ககிட்ட சொன்னா கதை கோவிச்சிக்கும்" என்பார். அடுத்த திங்கட்கிழமை, வேலைக்குப் போகும்போது, நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஏறி உட்கார்ந்ததும் துண்டால் முகத்தைத் துடைப்பார். முன்பே ஏறியிருந்தவர்கள் ‘உஷ்’ என்பார்கள். செந்தூலில் ஏறியவர்களுக்கு ஆஸ்பத்திரி வரை சொல்லி வந்ததை பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்காக இரண்டு வரியில் சுருக்கிச் சொல்லிவிட்டு, மேலே போவார். திங்கள் தொடங்கி வெள்ளிக்கிழமை முடிவு. எந்த இடத்தில் இருந்தாலும் கேட் தெரிந்ததும், "பாக்டரி வந்திருச்சி, எறங்குங்க" என்று நிறுத்திவிடுவார். கதாநாயகி கிணற்றின் விளிம்பில் நிற்பாள். நாங்கள் அவளை அப்படியே விட்டுவிட்டுப் போய் பன்ச் கார்டு அடிப்போம்.

அவர் சொல்லும் விதத்துக்கு ஒரு முறை இருந்தது. சண்டையை ஹைவேக்கு வைத்துக்கொள்வார். அழுகையை சிக்னலுக்கு. பாட்டு வந்தால் பாடமாட்டார். அவருக்குக் குரல் சுத்தமாக இல்லை. "இங்க ஒரு பாட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு சும்மா ஓட்டுவார். மூன்று நான்கு நிமிஷம் பஸ்ஸில் சத்தமே இருக்காது. நாங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவரவருக்குப் பிடித்த பாட்டை மனதுக்குள் போட்டுக்கொள்வோம். பிறகு, "பாட்டு முடிஞ்சிருச்சி" என்பார். நான் கேட்ட பாட்டுகளிலேயே நல்லவை அவைதான்.

ஒருமுறை பெட்டாலிங் ஜெயா ரவுண்டபவுட்டில் கல்யாணக் காட்சி மாட்டிக்கொண்டது. தாலி ஏறுவதற்குள் திரும்ப வேண்டிய இடம் வந்துவிட்டது. மனுஷர் திரும்பவில்லை. இன்னொரு சுற்றுப் போனார். அதற்குள் மாப்பிள்ளையின் மாமா எழுந்து ஏதோ தகராறு செய்ய, மூன்றாவது சுற்றும் போக வேண்டியதாயிற்று. நாற்பது பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, தாலி ஏறிய பிறகுதான் நிமிர்ந்தோம். கேட்டில் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"என்ன அண்ணே, லேட்டு?"

"ரவுண்டபவுட்டுல ஒரு கல்யாணம், பாஸ். முடியாம எப்படி வர்றது?"

என் பக்கத்து சீட்டில் கமாரியா என்று ஒரு மலாய்ப் பெண். தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் அவளும் கேட்பாள். அவர் எங்காவது மூச்சு வாங்கினால் அவள்தான் முதலில், "லெப்பாஸ் து?" என்பாள். அப்புறம் என்று அர்த்தம். அவளுக்காகவே நடுநடுவே மலாயில் ஒரு வரி போடுவார். வில்லனைப் பற்றி மட்டும் மலாயில் நிறையச் சொல்வார். அந்த வில்லன்கள் யாரும் கடைசியில் அடிபட்டுச் சாவதில்லை. போலீசும் பிடிக்காது. "அவனை கிளந்தானுக்கு மாத்திட்டாங்கம்மா" என்பார். மதுரையில் நடக்கிற கதையில் வில்லனுக்கு எங்கள் நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிற கிளந்தானுக்கு எப்படி மாற்றல் வரும் என்று யாரும் கேட்டதில்லை. அரசாங்க வேலைக்காரர்கள் நிறைந்த குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் நாங்கள். மாற்றலைவிடப் பெரிய தண்டனை எங்களுக்குத் தெரியாது.

படம் பார்த்தவர்களும் பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. "பார்த்தவங்க கையத் தூக்குங்க" என்பார். தூக்கினால் ஒரு டின் வரும். உள்ளே ஆசாம், அந்த உப்பும் புளிப்புமான காய்ந்த பிளம். ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். கதை முடிகிற வரை வாய் அதோடு சரி.

"எப்படிண்ணே எங்க அழுவணும்னு கரெக்டா கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் எங்கம்மா கண்டுபிடிக்கிறேன்? எம்பொண்டாட்டி பக்கத்துல ஒக்காந்து பார்ப்பா. அவ மூக்கை உறிஞ்சற எடத்துல ஒரு சிக்னல் வச்சிக்குவேன்."

அந்த அண்ணியை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் தெரியும். காலை ஷிப்டுக்கு நாலரை மணிக்கே எழுப்பிவிடுகிறவர் அவர்தான். "கண்ணைத் தொறந்தா மொத வார்த்தை, பஸ்ஸுக்கு நேரமாச்சி. கல்யாணமானதிலேர்ந்து காலையில வேற வார்த்தை அவ வாயில வந்து நான் கேட்டதில்ல" என்று சலித்துக்கொள்வார். சலிப்பா பெருமையா என்று சொல்வது கஷ்டம்.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று என் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். நுணல் தன்னோடு போயிற்று. நான் கெடுத்தது ஒரு பஸ்ஸையே.

எண்பதுகளின் நடுவில் வீடியோ வந்தது. எங்கள் வரிசை வீடுகளில் முதலில் வாங்கியவள் நான். ஓவர்டைம் செய்து வாங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் கேசட் வாடகைக்கு விடுகிற கடையில் எனக்குத் தனி மரியாதை. கேசட்டைப் போட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, டீ ஆற்றிக்கொண்டு வந்து, மறுபடி ஓடவிடுவேன். கதாநாயகன் கையை ஓங்கியபடி எனக்காகக் காத்திருப்பான். தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த வாரம் டிவியில் போட்ட படத்தை நான் ஏற்கெனவே கேசட்டில் பார்த்திருந்தேன். தையல் மெஷின் வைத்து இரண்டு மகள்களை வளர்க்கிற ஒரு அம்மாவின் கதை. மூத்தவள் பட்டணத்துக்குப் போய் மறந்துவிடுகிறாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க, இளையவள் அக்காவைத் தேடி ஓடுகிறாள். திங்கட்கிழமை ஆசாம் டின் வந்தபோது நான் எடுக்கவில்லை. நான் கையையே தூக்கவில்லை. சும்மா கேட்டுக்கொண்டு வரலாம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பஸ்ஸில் அப்போது மல்லிகா என்று ஒரு பெண், பத்தொன்பது இருபது வயது. மூன்றாவது ஜன்னல். அந்த மாதம் முழுக்க அவள் செந்தூலில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஏறினாள். அவள் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. மத்தியானம் பார்வை நேரத்தில் சோறு கொண்டுபோய் ஊட்டிவிட்டு, பாதியில் எழுந்து படியில் ஓடி வருவாள். கையில் காலி டிபன் கேரியர் இருக்கும். பஸ் அண்ணன் அவளுக்காக ஐந்து நிமிஷம் அதிகம் நிற்பார்.

வெள்ளிக்கிழமை. ஹைவேயில் போய்க்கொண்டிருந்தோம். படத்தில் டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுகிறார். இளையவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள். பஸ் அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

"கட்டில்கிட்ட போயி, அம்மா கையப் புடிக்கிறா. சில்லுன்னு இருக்கு. ஆனா பாருங்க, அம்மா கண்ணைத் தொறந்துட்டாங்க. தொறந்து மகளைப் பார்த்து மொத வார்த்தை என்னா கேட்டாங்க தெரியுமா?"

"இல்லண்ணே" என்றேன் நான். "அந்தம்மா செத்துருவாங்க. அந்தப் பொண்ணு லேட்டாத்தான் போய்ச் சேரும். நான் பார்த்தேன், ரெண்டு தடவ."

மல்லிகாவின் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்ல இப்போதும் ஆசையாக இருக்கிறது. தெரியும். டிபன் கேரியரைத் தினமும் பார்த்தவள்தான் நான். ஆனால் அந்த நிமிஷம் என் தலைக்குள் வீடியோ மட்டும்தான் ஓடியது.

கமாரியாகூட ஒன்றும் கேட்கவில்லை. பஸ் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"உன் வீட்டு டிவியில செத்திருப்பாங்கம்மா" என்றார். "என் வீட்டு டிவியில பொழச்சிக்கிட்டாங்க."

பிறகு, "பாக்டரி வந்திருச்சி, எறங்குங்க" என்றார். பாக்டரி வர இன்னும் ஒரு மைல் இருந்தது. அந்த ஒரு மைலும் சும்மா ஓட்டினார். அதைப் பாட்டு என்று நினைக்க எங்களால் முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து மல்லிகாவின் அம்மா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்து அதே ஜன்னலில் உட்கார்ந்தாள். அன்று பஸ் அண்ணன் கதை எதுவும் தொடங்கவில்லை. அடுத்த வாரம் தொடங்கினார், ஆனால் யார் முகத்தையும் கண்ணாடியில் பார்க்காமல் சொன்னார். நான் செய்ததால்தான் எல்லாம் போயிற்று என்று முழுப் பழியையும் என் தலையில் போட்டுக்கொண்டால், அதுவும் ஒரு பெருமைதான். வருஷம் முடிவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் வீட்டில் வீடியோ வந்துவிட்டது. ஆசாம் டின் கடைசி சீட்டு வரை போகாமலேயே காலியானது. கேட்பவர்களைவிடப் பார்த்தவர்கள் அதிகம். ஒரு பெண் காதில் வாக்மேன் மாட்டிக்கொண்டாள், அப்புறம் இன்னொருத்தி. ஒரு திங்கட்கிழமை அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார், துண்டை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு சும்மா ஓட்டினார்.

"நேத்து படம் பார்க்கலியாண்ணே?" என்று பின்சக்கரம் கேட்டாள்.

"போட்டாங்க லா. நாந்தான் தூங்கிட்டேன்."

ஒரு படம்கூடத் தவறவிடாத மனுஷர். அதற்கப்புறம் எந்த வாரம் கேட்டாலும் தூங்கிவிட்டேன் என்பார்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. அவர் முன்பு சொன்ன படங்களாகப் பார்த்துப் பார்த்து கேசட் எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். கிணற்றின் விளிம்பில் நின்றவள் விழுந்து செத்தாள். ரயிலில் திரும்பி வந்த தம்பி, படத்தில் வரவேயில்லை, தந்திதான் வந்தது. காசநோய்க்காரி குணமாகவில்லை. வில்லன்களை வெட்டித் தள்ளினார்கள். ஒருவனுக்கும் கிளந்தானுக்கு மாற்றல் வரவில்லை. நான் கேட்டிருந்த படம் எதுவும் அந்தக் கேசட்டுகளில் இல்லை. எட்டு மணி நேரம் கண்ணைக் கொடுத்து வேலை செய்யப்போகிற பெண்களிடம் செத்தவர்களை ஒப்படைத்து அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இது புரிய எனக்கு ஒரு வீடியோ தேவைப்பட்டது, வெட்கக்கேடு.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கல்யாணம் நிச்சயமானது, வேலையை விட்டேன். கடைசி நாள் இறங்கும்போது, "வரேண்ணே" என்றேன். "பார்த்துப் போம்மா, கதவோரம்" என்றார். அதோடு சரி.

வருஷங்கள் ஓடின. தொண்ணூறுகளின் பிற்பாதியில் என் வீட்டுக் கூரையிலும் சாட்டிலைட் தட்டு வந்தது. நாள் முழுக்கத் தமிழ். படம், நாடகம், பாட்டு, மறுபடி படம். முதல் மாதம் அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஆசை விட்டுப்போயிற்று. என் மகன் அவன் அறையில் ஒரு டிவியில் ஏதோ பார்ப்பான், என் வீட்டுக்காரர் ஹாலில் பந்து விளையாட்டு பார்ப்பார். நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு எண்களை அழுத்தி ஒரு சுற்று வந்து, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்வேன். ரவுண்டபவுட்டில் மூன்று சுற்றுப் போனது ஞாபகம் வரும். அன்றைக்கு நடுவில் ஒரு கல்யாணமாவது இருந்தது. என்ன பார்த்தாய் என்று கேட்க இப்போது யாரும் இல்லை. கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மல்லிகாவை பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை முன்னால் பார்த்தேன். ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள், இரண்டு பிள்ளைகள். பேசிக்கொண்டிருந்தபோது நானாகவே அந்த வெள்ளிக்கிழமையை எடுத்தேன்.

"அன்னைக்கி நான் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் மல்லிகா."

"அந்தம்மா பொழச்சது பொய்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "எங்கம்மா பொழைக்கமாட்டாங்கன்னு நர்ஸ் அன்னைக்கி மத்தியானமே சொல்லிட்டாங்க. ஆனா அண்ணன் சொன்னதை வச்சிக்கிட்டு அந்த எட்டு மணி நேரத்தை ஓட்டியிருப்பேன்." மல்லிகைச் சரத்தை வாங்கிப் பையில் வைத்தாள். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும்க்கா. அந்தம்மா கண்ணைத் தொறந்து என்னா கேட்டாங்க? நீங்க குறுக்க பேசினதுல அண்ணன் அதைச் சொல்லவே இல்ல."

அந்தக் கேள்விக்குப் பதில் எந்தக் கேசட்டிலும் கிடையாது. அவர் ஒருவர் தலையில்தான் இருந்தது.

அவர் கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றும், அண்ணிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்றும் மல்லிகாதான் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆசாம் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு கமூட்டர் ரயில் ஏறினேன். கடைசி வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மகளும் மருமகனும் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். அவர்தான் கதவைத் திறந்தார். முன்பைவிடக் குள்ளமாகிவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கதவோரம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹாலில் பெரிய டிவி இருந்தது, மேலே பூப்போட்ட துணி. அவருடைய நாற்காலி அதற்கு முதுகைக் காட்டி, பக்கத்து அறை வாசலைப் பார்த்துக் கிடந்தது. திறந்த கதவு வழியாகக் கட்டிலில் அண்ணியின் கால்கள் தெரிந்தன. பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான், அதுவும் சில நாள் வராது என்றார்.

"டிவி பாக்கறதில்லையாண்ணே? தட்டு வச்சிருக்காங்களே."

"மருமவன் வச்சது. விடியக்காலையிலேர்ந்து அதுல படம் வரும். நான் போடறதில்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "பார்க்காதவன் ஒருத்தன் இருந்தாத்தானம்மா பார்த்தவனுக்கு மதிப்பு. இப்ப எல்லாரும் எல்லாத்தையும் பார்த்தாச்சி. இவளும் ஒக்காந்து பாக்கற நெலமையில இல்ல. பக்கத்துல மூக்கை உறிஞ்ச ஆளில்லாம எது அழுவுற எடம்னு எனக்குத் தெரியல."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அண்ணே, அன்னைக்கி பஸ்ஸுல நான்..." என்று இழுத்தேன்.

"நீ சொன்னது சரிதானம்மா. படத்துலயும் போயிட்டாங்க, அந்தப் பொண்ணோட அம்மாவும் போயிட்டாங்க. நான்தான் சும்மா கதை வுட்டுக்கிட்டு இருந்தேன்."

"அந்தப் படத்தைச் சொல்லுங்கண்ணே. மொதல்லேர்ந்து."

"நீ பார்த்த படமாச்சே." ஆசாம் பாக்கெட்டைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். பழக்கம் போகவில்லை.

நான் எடுக்கவில்லை. "பார்க்கலண்ணே" என்றேன். "எனக்கு ஷிப்டு."

அவர் நாற்காலியைச் சரியாகப் போட்டு உட்கார்ந்தார். "தையல் மெஷின் சத்தம். அதுலதான் படம் ஆரம்பிக்குது" என்றார். குரல் முதலில் கரகரத்தது, ஹைவே வந்ததும் சரியாகிவிட்டது. நிஜமாகவே ஹைவே வந்தது போலத்தான் இருந்தது. மூத்தவள் பட்டணத்துக்கு பஸ் ஏறும்போது அவருடைய கால் தரையில் கிளச்சைத் தேடியது. "இங்க ஒரு பாட்டு" என்றார். மூன்று நிமிஷம் சும்மா இருந்தோம். சுவர்க் கடிகாரமும், அறையில் அண்ணியின் மூச்சும் கேட்டன. எத்தனை வருஷம் கழித்து ஒரு பாட்டு கேட்டேன்.

ஐந்து நாளில் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இளையவள் கதவைத் தள்ளினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள். "சில்லுன்னு இருக்கு" என்றவர் அதற்கு மேல் போகவில்லை. அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் மடியில் இறங்கிவிட்டன.

பாட்டு என்று அவர் சொல்லவில்லை. இது வேறு.

அறையிலிருந்து குரல் வந்தது. குழறலான, மெல்லிய குரல்.

"அப்பறம்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சியவர் அண்ணி. முடிவு தெரிந்தவர். தெரிந்தும் கேட்கிறார். பஸ் அண்ணன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து அறை வாசலில் போய் நின்றேன்.

"கண்ணைத் தொறந்துட்டாங்க அண்ணி" என்றேன். "கை சில்லுன்னுதான் இருந்துச்சி, ஆனா தொறந்துட்டாங்க. நான் எங்க வீட்டு டிவியில பார்த்தேன். ரெண்டு தடவ."

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் என்னைத் தாண்டி உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆமா, தொறந்துட்டாங்க" என்றார். "தொறந்து மகளைப் பார்த்து மொத வார்த்தை என்னா கேட்டாங்க தெரியுமா? ‘ஏன்டி இன்னும் இங்க நிக்கற, பஸ்ஸுக்கு நேரமாச்சி, ஓடு’ன்னாங்க."

காலி டிபன் கேரியரோடு ஆஸ்பத்திரிப் படியில் ஓடி வருகிற மல்லிகா என் கண் முன்னால் வந்தாள். இதைத்தான் அவளுக்காக எடுத்து வைத்திருந்தார். நான் அதைத் தட்டிவிட்டேன். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும், நாளைக்கே.

அண்ணியின் முகத்தில் பாதிதான் சிரித்தது. நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நேரமாச்சி" என்றார்.

பஸ் அண்ணன் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல" என்றார். "இன்னும் நேரம் இருக்கு."